வீட்டு மல்லாட்டை, எண் 335

என் ஆராய்ச்சியின் முதல் ஏழு மாதம் நான் ஒரு விஷத்தை வெறும் இரைச்சல் என்று சொல்லிக் கழித்துக்கொண்டிருந்தேன். கழித்தது சரிதான் என்று வாராவாரம் என் வழிகாட்டி மேடத்துக்கு அறிக்கை வேறு அனுப்பினேன். அதே ஏழு மாதமும் செஞ்சியில் எங்கள் வீட்டில், அக்காவின் மகள், அந்த விஷத்தைத் தினம் இரண்டு வேளை கூழில் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது ஒன்றரை வயது.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் இதை ஆரம்பித்தால் ஹாஸ்டலில் பாதிப் பேர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவார்கள். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். எங்களுடையது மூலக்கூறுகளுக்கான தராசு. ஒரு மூலக்கூறை எடை போட வேண்டுமானால் அதைப் பறக்க வைக்க வேண்டும். எஃகுத் தகட்டில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் தள்ளி, லேசரால் ஒரு தட்டுத் தட்டுவோம். கிளம்பும் துகள்கள் நீளமான குழாய்க்குள் ஓடும். லேசானது முதலில் வந்து சேரும், கனமானது பின்னால் வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எடையைச் சொல்லிவிடலாம். திரையில் ஒவ்வொரு எடைக்கும் ஓர் ஊசி முளைக்கும். அதைத்தான் பீக் என்போம்.

லேசர் நேராக அடித்தால் மாதிரி கருகிவிடும். அதனால் ஒளியை வாங்கிக்கொள்ளும் ஓர் அமிலப் பொடியைக் கலப்பார்கள். அதற்குப் பெயர் மேட்ரிக்ஸ். அடியை அது வாங்கிக்கொண்டு நமக்கு வேண்டியதைத் தூக்கி விடும். பெரிய புரதங்களுக்கு இது அருமையாக வேலை செய்யும். சின்ன மூலக்கூறு என்றால்தான் தொல்லை. மேட்ரிக்ஸும் சின்னதுதானே? அதுவும் கூடவே பறக்கும். உடைந்து பறக்கும், ஜோடி சேர்ந்து பறக்கும், திரையின் இடது பக்கம் முழுக்க ஊசிக்காடாகிவிடும். காலை எட்டரை மணிக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, ஒரு குழந்தை எங்கே அழுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வது மாதிரி. அந்தக் கூட்டத்தை விலக்குவதுதான் என் ஆராய்ச்சி.

சோதித்துப் பார்க்க ஒரு நிஜ மாதிரி வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. மல்லாட்டை என்றேன். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பூசணம் பிடித்த மல்லாட்டையில் ஒரு நஞ்சு ஊறும். ஈரலைத் தின்னும், குழந்தைகளின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும் என்று சந்தேகிக்கிறார்கள். வறுத்தாலும் முழுதாகப் போகாது. அதன் எடை முந்நூற்றுப் பன்னிரண்டு. உப்பிலிருக்கும் சோடியம் ஒன்று ஒட்டிக்கொண்டால் முந்நூற்று முப்பத்தைந்து. சுத்தமான நஞ்சு எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சுண்டுவிரல் அளவு குப்பியில் வந்தது. உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாது. அதைத் திறக்க இரண்டு ஜோடிக் கையுறை, முகமூடி, காற்று உறிஞ்சும் கூண்டு. சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கெட்ட மாதிரிக்குச் செஞ்சியில் ஒரு வியாபாரியிடம் கழிவு மல்லாட்டை வாங்கி வந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல மாதிரி வேண்டுமே. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வீட்டுக்குன்னு வெச்சிருக்குற மல்லாட்டைல ஒரு கிலோ குடுத்து வுடு."

"வீட்டுக்கு வெச்சதா? அத இன்னாத்துக்குடி உனுக்கு?"

"ஆராய்ச்சிக்கு."

"கமிட்டிக்குப் போறதுல குடுக்குறேனே, நல்லா முத்துமுத்தா இருக்குது."

"வேணாம், வீட்டுக்கு வெச்சதே குடு. அதான் சுத்தமா இருக்கும்."

"படிச்ச புள்ள, நீ சொன்னா சரிதான்" என்றாள் அம்மா. அதில் இருந்த கேலியைச் சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

அறுவடை முடிந்ததும் எங்கள் வீட்டில் மல்லாட்டையை மூன்றாகப் பிரிப்பார்கள். முழுப் பருப்பு ஒரு பக்கம், அது கமிட்டி, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூட, ஏலத்துக்கு. நடுத்தரம் விதைக்கு. மிச்சம் கிடக்கும் சுருக்கு, சொத்தை, மழையில் நனைந்து முளைவிட்டது, ஓட்டுக்குள் கறுத்தது, இதெல்லாம் ஒரு மூட்டையில் கட்டி, மேலே கரியால் ‘வீட்டுக்கு’ என்று எழுதுவார் நைனா, என் அப்பா. எண்ணெய் ஆட்ட, துவையல் அரைக்க, கூழில் போட. சிங்கவரம் பக்கம் குத்தகை நிலத்தில் விளைய வைக்கிற யாருடைய வீட்டிலும் இதுதான் வழக்கம். பத்து வயதில் அந்த மூட்டைக்கு வாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஆனால் ஆறு வருடம் வெளியூர்க் கடைகளில் ‘வீட்டு ஊறுகாய்’, ‘வீட்டு முறுக்கு’ என்று எழுதியதைப் பார்த்துப் பார்த்து, வீட்டு என்ற சொல் எனக்குள் சத்தமில்லாமல் அர்த்தம் மாறிவிட்டிருந்தது.

அந்த ஒரு கிலோவை அரைத்து, எண்ணெயை நீக்கி, வடிகட்டி, குப்பியில் ‘சுத்தம்’ என்று ஒட்டினேன்.

முதல் நாளே முந்நூற்று முப்பத்தைந்தில் ஊசி நின்றது. நான் பதறவில்லை. ஏனென்றால் நான் கலந்த மேட்ரிக்ஸுக்கே அந்த இடத்தில் ஓர் ஊசி உண்டு. இரண்டு மேட்ரிக்ஸ் மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்து ஒரு துண்டை இழந்தால் சரியாக அதே எடை. பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ‘சுத்தம்’ குப்பியில் இருப்பது பின்னணி என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டேன். அது ஒவ்வொரு மாதிரியிலிருந்தும் அந்த அளவைக் கழித்துத் தந்தது. கழித்த பிறகு வியாபாரியின் கழிவில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை.

"உன் முறைக்கு உணர்திறனே இல்ல" என்றார் மேடம். "பூசணம் கண்ணுக்குத் தெரியுது, உன் மிஷினுக்குத் தெரியலயா?"

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. மேட்ரிக்ஸே வேண்டாம் என்று முடிவு செய்தேன். சிலிக்கான் தகட்டை அமிலத்தில் அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளைகளால் நிரப்பினால் அந்தத் தகடே ஒளியை வாங்கி, மேலே இருப்பதைத் தூக்கி விடும். பொடி இல்லை, கூட்டம் இல்லை. நான் கண்டுபிடித்தது இல்லை, பலர் செய்து பார்த்த வழிதான். ஆனால் துளையின் அளவு, மேற்பூச்சு, காய்கிற நேரம் எல்லாம் சரியாக அமைய வேண்டும். தொட்டால் எலும்புவரை இறங்கும் அமிலம் அது. ஒன்றன்பின் ஒன்றாகத் தகடுகளைப் பாழாக்கினேன். கடைசியில் ஒன்று, கறுப்பு வெல்வெட் மாதிரி, அமைந்தது.

வெறும் தகட்டில் லேசரை அடித்தேன். திரையின் இடது பக்கம் வெறிச்சென்று இருந்தது. தேர் போன பின் தெரு மாதிரி. நான் எழுந்து ஓர் ஆட்டம் ஆடினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. குப்பி நஞ்சை வைத்தேன். முந்நூற்று முப்பத்தைந்தில் ஒற்றை ஊசி. வியாபாரியின் கழிவை வைத்தேன். அதே இடத்தில் நல்ல உயரத்துக்கு ஊசி. ஏழு மாதம் ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது என்று பக்கத்து மேஜைக்காரியின் தோளைக் குலுக்கினேன். அப்புறம் சம்பிரதாயத்துக்கு, ‘சுத்தம்’ என்ற குப்பியிலிருந்து ஒரு சொட்டு.

வியாபாரியின் கழிவை விட இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது.

குப்பிகளை மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்ப அரைத்தேன். புதுத் தகடு, புதுக் கையுறை. அதே உயரம். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஒட்டிய ஊசியும் பதினாறு தள்ளித் தன் இடத்தில் நின்றது. ஹாஸ்டல் வாசல் கடையில் பொட்டலக் கடலை வாங்கி வந்து அதையும் அரைத்தேன். அதில் ஒன்றும் இல்லை. மேடம் என் குப்பியை எடுத்துப் போய் வேறு கருவியில், வேறு முறையில், வேறு ஆளிடம் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, "இது எந்தக் குடோன்ல எடுத்தது?" என்றார்.

"எங்க வீட்ல, மேடம்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "யாராவது சாப்பிடறாங்களா இத?"

அப்போதுதான் பாப்பா ஞாபகத்துக்கு வந்தாள்.

அக்கா ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அத்தானும் அங்கேதான். குழந்தையை எட்டு மாதத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். அங்கன்வாடி அட்டையில் பாப்பாவின் எடைக்கோடு பச்சைப் பட்டையில் ஏறிக்கொண்டிருந்தது. பத்தாம் மாதத்துக்குப் பிறகு சரிய ஆரம்பித்தது. அப்புறம் படுத்துவிட்டது. மற்ற குழந்தைகளின் கோடு மேலே போக, இவளுடையது தரையோடு ஊர்ந்து மஞ்சள் பட்டைக்குள் நுழைந்திருந்தது. அம்மா மாதாமாதம் அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். நான் ஒரு கட்டைவிரலைப் பதிலாகப் போடுவேன். தினம் நூறு கோடு பார்க்கிறவள், அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கே திண்டிவனம் வழியாக பஸ் ஏறினேன். ஏறுவதற்கு முன் போன் போட்டேன்.

"பாப்பா கூழுல மல்லாட்டை போடுறியாம்மா?"

"போடாம? வறுத்து, பொடிச்சி, ரெண்டு வேளையும். எடை ஏறலன்னு டீச்சரம்மா சத்தம் போட்டதுலேந்து இன்னும் ஒரு பிடி சேத்துத்தான் போடுறேன்."

ஒவ்வொரு மாதமும் ஒரு பிடி. அப்புறம் பஸ்ஸில் வழி முழுக்க அதுதான் என் தலைக்குள் ஓடியது. கோடு படுக்கப் படுக்க, பிடி கூடியிருக்கிறது.

"இனிமே போடாத. நான் வர்றேன்."

"ஏன்டி?"

"வர்றேன். போடாத."

வீட்டுக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். மலைப்பாறைகள் சூட்டை வாங்கித் திருப்பி ஊர்மேல் கொட்டிக்கொண்டிருந்தன. பாப்பா தரையில் உட்கார்ந்து ஒரு மூடியை நக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் நான்கு. மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். லேசர், தகடு, ஊசி, ஈரல், அட்டை. பாதியில் நைனா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு. நம்ம மூட்டைல வெஷம் இருக்குதுன்ற?"

"ஆமா நைனா."

"நான் பொறந்ததுலேந்து அதத்தான் துன்றேன். இன்னா ஆயிட்டேன்? உன்ன வளத்தது அது. நீ இன்னா ஆயிட்ட? டாக்டரு ஆவப் போற."

"அந்த டாக்டர் இல்ல நைனா, இது வேற."

"எதுவோ. சோத்துல கை வெச்சிக்கினு இருக்கும்போதுதான் இத சொல்லணுமா?"

துவையல் மல்லாட்டைத் துவையல். அவர் பிசைந்த கையை எடுக்கவும் இல்லை, வாய்க்குக் கொண்டு போகவும் இல்லை.

நான் பையிலிருந்து விளக்கை எடுத்தேன். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச். கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். மூட்டையை அவிழ்த்துப் பருப்பைப் பிளந்து முறத்தில் பரப்பி விளக்கைக் காட்டினேன். எல்லாம் மங்கிக் கிடந்தது. நடுவில் அங்கங்கே, பிளவுகளுக்குள், நீலமாக ஏதோ முழித்துப் பார்த்தது. இங்கே ஒன்று, அங்கே இரண்டு. முறத்தை ஆட்டினால் வேறு இடத்தில் முழித்தது. விளக்கில் மின்னுவதெல்லாம் நஞ்சு இல்லை, மின்னாததெல்லாம் நல்லதும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் செய்தேன். ஆனால் அந்த இருட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மா பாப்பாவைத் தூக்கி முறத்தைவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"பூனக் கண்ணு மாதிரி இருக்குதே" என்றாள்.

நைனா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு கதவைத் திறந்து கை கழுவினார். திரும்பி வந்தவர் குரல் மாறியிருந்தது.

"எனுக்குத் தெரியும், அது சொத்தைன்னு. சொத்தைன்னா கசக்கும், அவ்வளவுதான்னு நெனச்சேன். நல்லத வித்தாதான் அடுத்த போகத்துக்கு ஒரம் மருந்து வாங்க முடியும். நம்ம வீட்டுக்கு எவனாவது நல்லத வெப்பானா?"

நான் மூட்டையின் வாயைக் கட்டினேன்.

"சரி, நல்லதுலேந்து ஒரு மூட்ட எடுத்து வையி" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை. "நேத்துதான்டி இந்த போகத்தத கமிட்டிக்கு ஏத்தனோம். வெதைக்கு வெச்சத வுட்டா வீட்ல இருக்குறது இது ஒண்ணுதான்."

மூட்டையை மாட்டுக்குப் போடலாமா என்றார் நைனா. பாலில் இறங்கும் என்றேன். எண்ணெய் ஆட்டலாமா? பிண்ணாக்கு யார் வீட்டு மாட்டுக்காவது போகும். எரிக்கலாமா? புகை வேண்டாம். கடைசியில் கொல்லையில் இடுப்பளவு குழி வெட்டினார். விளைய வைத்ததைப் புதைக்க அவர் கை தயங்கியது தெரிந்தது. வேலி ஓரம் பக்கத்து வீட்டு அத்தை வந்து நின்றாள்.

"இன்னா மாமா, பொணமா பொதைக்கிற? அம்மாம் பெரிய மூட்ட!"

"மல்லாட்ட."

"அடப் பாவி, வெயிலு தலைக்கு ஏறிடுச்சா? எங்கிட்ட குடு, எண்ணெ ஆட்டிக்கிறேன்."

நான் வேலிக்கு ஓடிப்போய் மறுபடி எல்லாம் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எங்க வீட்லயும் இதே மூட்டதானே இருக்குது" என்றாள். அந்தத் தெருவில் எத்தனை வீடு, ஒவ்வொரு வீட்டிலும் எந்த மூலை என்று நான் யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

அங்கன்வாடி டீச்சர் சொன்னபடி ஆஸ்பத்திரிக்கும் காட்டினோம். டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சத்துக் குறைவு, வயிற்றுப் பூச்சி, அடிக்கடி வரும் பேதி, எதுவாகவும் இருக்கலாம், இதுவும் சேர்ந்திருக்கலாம், எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்றார். மல்லாட்டையை நிறுத்தியது சரி, மாதாமாதம் எடை பாருங்கள் என்றார். என் தகட்டில் பாப்பாவின் ஒரு சொட்டு சிறுநீரை வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று விரல்கள் துடித்தன. அனுமதி இல்லாமல் குழந்தையின் மாதிரியைத் தொடக் கூடாது என்று மேடம் போனில் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சரி. மல்லாட்டைக்குள் என்ன இருக்கிறது என்று என் கருவி சொல்லும். பாப்பாவுக்குள் என்ன ஆயிற்று என்று சொல்லாது.

அடுத்த மாத எடைநாளுக்கு விடுப்புப் போட்டு வந்தேன். அம்மா கூழில் பொட்டுக்கடலையும் பயறும்தான் போட்டிருந்தாள். டீச்சர் தராசில் துண்டை விரித்துப் பாப்பாவை உட்கார வைத்தார். அவள் அழுது அசைந்ததில் எண்கள் மேலும் கீழும் ஓடின. நானும் அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். நின்றது. ஏழு கிலோ தொள்ளாயிரம். போன மாதமும் ஏழு கிலோ தொள்ளாயிரம்தான்.

"எறங்கல" என்றார் டீச்சர், புள்ளியை வைத்துக்கொண்டே. "போன வாட்டி எறங்கிருந்துச்சி. இந்த வாட்டி எறங்கல."

"எப்பதான்டி ஏறும்?" என்று அம்மா அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டாள்.

தெரியாது என்று சொல்வதற்குள் போன் அடித்தது. அக்கா. ஷிப்ட் இடைவேளையில் வெளியே வந்து நிற்கிறாள், பின்னால் இயந்திரச் சத்தம்.

"எவ்ளோடி?"

"அதே தான்க்கா. எறங்கல."

"ஏறல."

"ஒரு மாசத்துல தெரியாதுக்கா. டாக்டரும் மூணு மாசம் பாக்கணும்னுதான் சொன்னாரு."

இயந்திரச் சத்தத்தைவிட்டு அவள் தள்ளிப் போனது கேட்டது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். "நான் மாசமா இருந்தப்ப அம்மா மாசாமாசம் வெல்லம் போட்டு மல்லாட்ட உருண்ட புடிச்சி அனுப்பிச்சே. டப்பா டப்பாவா துன்னேன். அது எந்த மூட்டைடி?"

அம்மா பாப்பாவுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னா கேக்குறா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.